பிளக் ஒயருக்குச் சரிகை வைத்த மழைக்காலம்

சூடான இன்ஜின் மேல் மழைத்துளி விழுந்தால் "சுர்ர்" என்று ஒரு சத்தம் வரும். கூடவே பெட்ரோலும் எரிந்த ஆயிலும் நனைந்த மண்ணும் கலந்த ஒரு வாசனை குப்பென்று கிளம்பும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், ஏனென்றால் அதற்குப் பிறகு எங்கள் வண்டி இன்னும் பத்து அடி போகுமா, அல்லது நடுரோட்டில் நின்றுவிடுமா என்பது அந்த வண்டிக்கே தெரியாது.

பிள்ளைகளே, அப்போது எனக்குப் பத்து வயது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஐயம்பேட்டையில் இருந்தோம். அப்பா வீட்டிலேயே தறி போட்டுப் பட்டு நெய்தார். இரண்டு பேர் கை மாறி எங்களிடம் வந்த ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. வெயில் நாளில் அது சிங்கம். தூறல் போட்டால் போதும், "டப், டப், புஸ்" என்று அடங்கிவிடும். பக்கத்து வீட்டில் தறி போட்டிருந்த நாகப்ப மாமா, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், அப்பாவை "பாவா" என்று மச்சான் முறை வைத்துத்தான் கூப்பிடுவார். அவர் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டே கேட்பார்: "ஏம் பாவா, உன் வண்டி இன்னா அத்தி வரதரா? தண்ணியக் கண்டா படுத்துக்குது. மறுபடி எழுந்திருக்க நாப்பது வருஷம் ஆவுமா?" குளத்துத் தண்ணீருக்குள் படுத்திருந்து நாற்பது வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் வெளியே வந்து தரிசனம் கொடுக்கிற காஞ்சிபுரத்துப் பெருமாளைத்தான் அவர் சொல்வார். தெருவே சிரிக்கும். அப்பா மட்டும் உதைத்துக்கொண்டே இருப்பார், வண்டியைத்தான்.

எதனால் அப்படி நின்றது என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் இன்ஜினுக்குள் ஒரு சின்னத் தீப்பொறி ஓயாமல் தெறித்துக்கொண்டே இருக்க வேண்டும். பொறி தெறிக்கிற இடத்துக்குப் பெயர் பிளக். அந்தப் பிளக்குக்குக் கரண்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது பென்சில் தடிமனில் இருக்கிற ஒரு கருப்பு ஒயர். அதில் ஓடுவது சாதாரணக் கரண்ட் இல்லை, வீட்டு விளக்குக் கரண்டைவிடப் பல மடங்கு அழுத்தம் உள்ளது, எந்தச் சந்து கிடைத்தாலும் வெளியே குதித்துவிடலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிற கரண்ட். ஒயரின் ரப்பர் வெடித்து, அந்த வெடிப்பில் மழைத்தண்ணீரும் இறங்கிவிட்டால், அது பிளக் வரைக்கும் போகிற சிரமத்தை விட்டுவிட்டு வழியிலேயே வண்டியின் இரும்புக்குள் இறங்கி ஓடிவிடும். பொறி இல்லை என்றால் இன்ஜின் இல்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவு சின்ன விஷயத்தில் அந்த வருடம் எங்கள் அம்மாவின் வேலையே தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் பத்தாவது பாஸ் செய்தவர். அந்த மார்க் ஷீட் தகரப் பெட்டியின் அடியில் பதினைந்து வருடமாகப் படுத்திருந்தது. எங்கள் ஊர்ப் பால்வாடிக்கு டீச்சர் வேண்டும் என்று தெரிந்ததும் அம்மா யாரிடமும் கேட்காமல் மனு எழுதிப் போட்டுவிட்டார். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. இந்த ஒரு தடவை விட்டால் இனி மனுவே போட முடியாது. புரட்டாசியில் கடிதம் வந்தது. படித்துக் காட்டியது நான்தான். ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி, காஞ்சிபுரத்தில் இருக்கிற அலுவலகம், அசல் சான்றிதழோடு வர வேண்டும். கடைசி வரி மட்டும் எனக்கு இன்றும் மனப்பாடம்: பெயர் அழைக்கும்போது இல்லாதவர்கள் மீண்டும் அழைக்கப்பட மாட்டார்கள்.

அம்மா அந்த வரியை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஐப்பசி மாசங்க. மழ வந்துடுச்சின்னா பஸ்ஸும் வராது, உங்க வண்டியும் வராது" என்றார்.

அப்பா அன்றைக்கே தறியை விட்டு எழுந்தார். என்னையும் வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்தில் இருந்த மெக்கானிக் பாய் கடைக்குப் போனார்.

பாய் டேங்குக்குக் கீழே கையை விட்டு ஒயரை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அரே, இன்னாபா இது, முதலத் தோலா? இத வெச்சிக்கினு மழைல போனா வண்டி ஓடாது, நீங்க தான் ஓடணும்."

பிறகு மூன்று ஒயரை எடுத்து ஸ்டூல் மேல் போட்டார். முதலாவது பளபளவென்று சிவப்பு. நான் உடனே அதைத்தான் காட்டினேன். பாய், "ஷோக்கா இருக்கும். இன்ஜின் சூட்டுல ரெண்டே மாசம், அப்பளம் ஆயிடும்" என்றார். இரண்டாவது ஒயரின் மேல் துணி பின்னியிருந்தது. "இது காருக்கு வந்த பழைய சரக்கு. துணி தண்ணி குடிக்கும்." மூன்றாவது கருப்பு, மெத்தென்ற கனமான ரப்பர், உள்ளே செம்புக் கம்பிகள். "இது தான் மழைக்கு."

அப்பா உடனே வாங்கிவிடவில்லை. பட்டு நூலைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். முதலில் ஒயரை நன்றாக மடக்கி, மடித்த முதுகில் மெல்லிய கோடு விழுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தார். கோடு விழுந்தால் ரப்பர் பழசு. பிறகு நகத்தால் அழுத்திவிட்டு, அந்தத் தடம் எழுந்து வருகிறதா என்று காத்திருந்தார். கடைசியாக வெட்டிய முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பாய், செம்பு நடுவுல இல்ல. ஒரு பக்கம் ரப்பர் மெல்லிசா இருக்குது. கரண்ட் இந்தப் பக்கமா தான எட்டிப் பாக்கும்?" என்றார்.

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாங்கிப் பார்த்தார். நிஜம்தான். "இத்தன வருஷத்துல ஒருத்தனும் இதக் கேட்டது இல்லபா. நெசவுக்காரர் கண்ணு!" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் வேறு சுருளிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்.

மாட்டும்போதும் அப்பா விடவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டார், பாயும் சலிக்காமல் சொன்னார். ஒயர் விறைப்பாக இருக்கக் கூடாது, இன்ஜினையும் சைலன்சரையும் தொடக் கூடாது. மேலிருந்து நேராகப் பிளக்குக்கு இறங்கக் கூடாது; கொஞ்சம் கீழே தொங்கி, அப்புறம் மேலே ஏறிப் பிளக்குக்குப் போக வேண்டும், அப்போதுதான் ஒயர் வழியாக ஓடிவருகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். ஒயரின் முனை நுழைகிற பிளக் மூடிக்குள் கொஞ்சம் கிரீஸ். எல்லாம் முடிந்ததும் பாய் கடையின் பாதிக் கதவை இழுத்துச் சாத்தி இருட்டாக்கிவிட்டு, பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் படுக்க வைத்துக் கிக்கரை உதைத்தார். "டக்" என்று ஒரு நீலப் பொறி! ஆஹா, நான் கைதட்டிவிட்டேன். "மஞ்சளா வந்தா சோகை. நீலமா வந்தா பயில்வான்" என்றார் பாய்.

கடைசியாக அவர் ஆணியில் தொங்கிய பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி எடுத்தார். "இத மூடி மேல இறுக்கமா மாட்டிட்டா ஒரு சொட்டு உள்ள போகாது." அப்பாவின் முகம் மாறிவிட்டது. "இவ்ளோ பாத்துப் பாத்து வாங்கின ஒயருக்குப் பஞ்சர் டியூபா? வுடுங்க பாய், பட்டு கரண்ட வுடாது தான? நான் வூட்டுல பட்டு சுத்திக்கிறேன்."

பாய் தாடியைச் சொறிந்தார். "பட்டு கரண்ட வுடாது, வாஸ்தவம். ஆனா தண்ணி குடிக்குமே?"

"தேன்மெழுகு தேச்சிடறேன்."

பாய் டியூபைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

அன்று அப்பா சுற்றினதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தறியில் மிஞ்சிய அரக்கு நிறப் பட்டு நூலை மெழுகில் இழுத்து, ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறாமல், நடுவில் ஒரு மயிரிழைகூட இடைவெளி விழாமல், ஒயர் முழுக்கச் சுற்றினார். மோட்டார் சைக்கிளுக்குள் அப்படி ஒரு அழகான பொருள் இருந்ததே கிடையாது.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. தறிக்கும் வண்டிக்கும் சந்தனம், குங்குமம், பூ. அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தார். "இன்னாங்க இது, பட்டு சுத்திட்டு சரிகை இல்லாம வுட்டா பாவாடத் துணி மாதிரி இருக்குதே?"

நாகப்ப மாமாவும் எட்டிப் பார்த்து, "ஆமா பாவா, மொட்டையா இருக்குது" என்றார்.

அப்பாவுக்கும் அது சரி என்றே பட்டது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் பட்டைப் பார்த்தால் கண் தானாகச் சரிகையைத் தேடும். "டேய், அந்தத் துண்டு சரிகைய எடுத்து நீயே வெய்யிடா" என்றார். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது! அரக்குப் பட்டின் மேல், கொடி படர்கிற மாதிரி, பிளக் மூடியிலிருந்து மறுமுனை வரைக்கும் சரிகை ஓட்டினேன். பிளக் மூடியில் மூன்று சுற்று. மறுமுனை அவிழாமல் இருக்க, அங்கே இருந்த ஒரு இரும்புத் திருகில் நன்றாகச் சுற்றி முடிச்சுப் போட்டேன். தெருவில் எல்லோரும் வந்து குனிந்து பார்த்தார்கள். கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். அதற்குப் பிறகு பதினைந்து நாள் வெயில் அடித்தது, வண்டி மணி மாதிரி ஓடியது, அப்பா தேவையில்லாமல்கூட இரண்டு தடவை கடைத்தெருவுக்குப் போய்வந்தார்.

திங்கட்கிழமைக்கு முந்தின சாயங்காலம் மழை பிடித்தது. விடிந்தும் விடவில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. அம்மா நீலப் புடவை கட்டிக்கொண்டு, சான்றிதழ்களைப் பட்டுப் புடவை வைத்துக் கொடுக்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, முகம் துடைக்க ஒரு சின்னத் துண்டையும் அதற்குள்ளேயே வைத்து மடித்து, ஏழரை மணியிலிருந்து பஸ்ஸுக்கு நின்றார். பஸ் வரவில்லை. எட்டே முக்காலுக்கு அப்பா வண்டியை வெளியே தள்ளினார்.

"சரிகை வெச்சவன் நான், நானும் வருவேன்" என்று நான் குதித்தேன். சண்டை போட நேரமில்லை. அப்பா தலையில் உரச் சாக்கை மூலை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டார், நான் டேங்க் மேல், அம்மா பின்னால். (பிள்ளைகளே, அப்படி மூன்று பேர் போனது தப்பு. நீங்கள் போகாதீர்கள்.) ஒரே உதை. பிடித்துக்கொண்டது! நாகப்ப மாமா ஜன்னலிலிருந்து, "போறது போறீங்க, கயிறு எட்துக்கினு போங்க, கட்டி இழுத்தாறதுக்கு!" என்று கத்தினார்.

ஐயோ, அந்தச் சவாரி! மழை ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது. இரண்டு பக்கமும் தண்ணீர் சிறகு மாதிரி விரிந்தது. வழியெல்லாம் வண்டிகள் நின்றிருந்தன. புது வண்டிகள், பணக்கார வண்டிகள், எல்லாவற்றையும் மனிதர்கள் தள்ளிக்கொண்டு போனார்கள், அவர்களைத் தாண்டித் தாண்டி எங்கள் வண்டி ஓடியது. ஒவ்வொருவரைத் தாண்டும்போதும் அப்பா ஆரன் அடித்தார். அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தார். "ஆரன் அடிக்காதீங்க, கண்ணு பட்டுடும்!"

மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். ஏரித் தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடிய ஒரு பள்ளத்தில் எதிரே வந்த லாரி ஒரு அலையை எழுப்பி எங்கள் மேல் போட்டது. "சுர்ர்ர்." டப். டப் டப். புஸ்.

திடீரென்று மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்பா மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி உதைத்தார். உதைத்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி உதைத்தார். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது இருபது. இன்னும் ஆறு கிலோமீட்டர். நடந்தால் பத்தரை ஆகும், ஓடினாலும் பத்துக்குள் முடியாது. அம்மா பிளாஸ்டிக் கவரை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. குனிந்து இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

மேகம் கறுத்து, காலையே சாயங்காலம் மாதிரி இருந்தது. அப்பா மறுபடி உதைத்தார். அப்போதுதான் பார்த்தேன். பிளக் மூடியிலிருந்து நீலமாக ஒன்று புறப்பட்டு, நான் வைத்த சரிகைக் கொடி மேலேயே நெளிந்து நெளிந்து ஓடி, நான் முடிச்சுப் போட்ட இரும்புத் திருகுக்குள் போய் மறைந்தது. என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது. மறு உதைக்கு மறுபடி ஓடியது. பாய் கடையில் பிளக்கில் தெறித்த அதே நீலம்! அது பிளக்குக்குப் போகவில்லை, என் சரிகை வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

சொன்னால் அடி விழும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, மழை மேல் பழி போய்விடும். நான் நிஜமாகவே இரண்டு உதை வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது உதைக்கு அம்மாவின் காலைப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார், நடக்கப் போகிறார்.

"அப்பா, சரிகையில வெளிச்சம் ஓடுதுபா!"

"இன்னாடா ஒளர்ற?"

"நீ ஒதைக்கும்போது நீலமா ஓடுதுபா. திருகாணில எறங்குது."

அம்மா திரும்பி வந்து, "எங்கடா?" என்று விரலை நீட்டிச் சரிகையைத் தொட்டார். அதே நேரம் அப்பா உதைத்தார். "யம்மாடி!" என்று அம்மா ஒரு அடி பின்னால் துள்ளிக் கையை உதறினார். அப்பா வண்டியையும் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"சரிகைன்னா வெள்ளிடா! வெள்ளிக் கம்பிய நூல் மேல சுத்தித்தான சரிகையே. பட்டு காஞ்சி இருந்த வரைக்கும் கரண்டுக்கு வழி இல்ல, நனைஞ்சதும் அதுல தாவிடுச்சி. பத்து வயசுலருந்து அதக் கையில புடிக்கிறேன், எனக்கே தோணல பாரு!"

"புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. மொட்டையா இருக்குதுன்னு சொன்னது நான் தான்" என்றார் அம்மா.

"வெய்யின்னு சொன்னது நான். வுடு, மூணு பேரும் சேந்து நெய்ஞ்சது." அப்பா இடுப்பைத் தடவினார். கத்தி இல்லை. என் முடிச்சு மழையில் ஊறி இறுகியிருந்தது. அம்மா கவரையும் செருப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து, அந்த முடிச்சைப் பல்லால் கடித்து எடுத்தார். அப்புறம் நடந்ததை நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். தினமும் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிற கை அது. சரிகையின் முனையை இடது கையில் பிடித்து, வலது கையால் அப்படியே இழுத்து இழுத்து, உள்ளங்கையைச் சுற்றி விர்ரென்று சுற்றிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை. நான் அரை நாள் சுற்றினதை அம்மா அரை நிமிடத்தில் எடுத்துவிட்டார். அடியில் இருந்த பட்டை அப்பா பிழிந்தபோது தண்ணீர் சொட்டியது. மெழுகு இன்ஜின் சூட்டில் எப்போதோ உருகிப் போயிருந்தது. பட்டையும் உருவி எடுத்தார்கள்.

இப்போது துடைக்க வேண்டும். எங்கள் மூன்று பேரிடமும் காய்ந்த துணி என்று எதுவுமே இல்லை, கவருக்குள் இருந்த அந்தச் சின்னத் துண்டைத் தவிர. அம்மா அதை எடுத்து நீட்டினார். அப்பா பிளக்கையும் மூடியின் உள்பக்கத்தையும் ஒயரையும் துடைத்தார். ஆனால் மேலே மழை விடவில்லையே! துடைத்த இடத்தில் மறுபடி துளி விழுந்தது. எதையாவது மேலே மூட வேண்டும். பாய் மறுபடி ஆணியில் மாட்டின டியூப் எனக்கு ஞாபகம் வந்தது, அப்பாவுக்கும் வந்திருக்கும்.

அம்மா கவருக்குள் கையை விட்டுச் சான்றிதழ்களை வெளியே எடுத்தார். வெறும் கவரை அப்பாவிடம் கொடுத்தார்.

"ஏய், சர்டிபிகேட் நனைஞ்சா இன்டர்வியூவே கெடையாது!"

"போய்ச் சேரலன்னா சர்டிபிகேட் காஞ்சி இருந்து இன்னா பிரயோஜனம்? புடிங்க!"

அப்பா ஒரு நொடிதான் யோசித்தார். கவரைக் குடை மாதிரி, மேல் பக்கம் மூடியும் கீழ்ப் பக்கம் திறந்தும் இருக்கும்படி, சூடான இன்ஜினைத் தொடாமல், பிளக் மூடிக்கும் ஒயருக்கும் மேலே வைத்து, உருவிய பட்டு நூலாலேயே கட்டினார். சான்றிதழ்களை அம்மா என் சட்டைக்குள் வயிற்றோடு வைத்தார். "திரும்பி ஒக்காருடா. அப்பாவக் கட்டிக்கினு ஒக்காரு." நான் டேங்க் மேல் அப்பாவைப் பார்த்து உட்கார்ந்து அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவர் உரச் சாக்கை இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டார். அம்மாவின் பத்தாவது பாஸ் இப்போது எங்கள் இரண்டு பேர் வயிற்றுக்கும் நடுவில் இருந்தது.

முதல் உதை ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒரு இருமல். மூன்றாவது உதைக்கு வண்டி அலறிக்கொண்டு எழுந்தது! அப்பா கத்தினார், நான் கத்தினேன், ஓரமாகக் குடை பிடித்துப் போன ஒருவரும் காரணம் தெரியாமல் எங்களோடு சேர்ந்து கத்தினார்.

நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் வழியெல்லாம் அப்பாவின் தோளுக்கு மேலே அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். கண்ணை மூடிக்கொண்டு படித்ததைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தட்டம்மை ஊசி ஒன்பது மாசம்... ஆறு மாசத்துக்கு மேல கூழு..." நான் அதிகாரி மாதிரி குரலைக் கனமாக்கிக் கேட்டேன்: "ஒரு கொழந்த அழுதா இன்னா பண்ணுவீங்க?"

"தூக்குவேன்!"

"ரெண்டு அழுதா?"

"ரெண்டையும் தூக்குவேன்!"

"பத்தும் அழுதா?"

"நானும் கூட ஒக்காந்து அழுவேன்டா!"

அப்பா சிரித்த சிரிப்பில் எங்கள் நடுவே சான்றிதழ்கள் நடுங்கின. "சிரிக்க வெக்காதீங்க, கசங்கிடும்!" என்று அம்மா பின்னாலிருந்து அப்பாவின் முதுகில் மறுபடி ஒன்று வைத்தார்.

அலுவலக வாசலில் நுழையும்போது உள்ளே ஒருவர் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லாததால் இரண்டாம் தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை கூப்பிடுவதற்குள் வண்டி முழுசாக நிற்பதற்கு முன்பே அம்மா குதித்து, என் சட்டைக்குள் கையை விட்டு உருவிக்கொண்டு, "இருக்கேங்க!" என்று கத்தியபடி ஓடினார். செருப்பு என் கையிலேயே இருந்தது.

உள்ளே நடந்ததை அம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி அம்மாள். மார்க் ஷீட் ஈரமாகி, ஒரு மூலையில் மை கொஞ்சம் பரவியிருந்தது, ஆனால் பெயரும் மார்க்கும் தெளிவாக இருந்தன. அதிகாரி அதைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையைச் சுற்றி அந்தச் சரிகை அப்படியே இருந்தது, அவசரத்தில் கழற்றவே மறந்துவிட்டார். விரலெல்லாம் கிரீஸ், நடுவில் பளபளவென்று சரிகை.

"கையில என்னம்மா, நகையா?"

"இல்ல மேடம், எங்க வண்டியோடது."

அதிகாரிக்குப் புரியவில்லை. அம்மா ஆரம்பத்திலிருந்து சொன்னார். கரண்ட் எப்படிப் போகும், பட்டு ஏன் நல்லது, சரிகை ஏன் கூடாது, மழைத்தண்ணீர் என்ன செய்தது என்று கையையும் காலையும் ஆட்டி, டப் டப் புஸ் சத்தம் எல்லாம் போட்டுச் சொல்லியிருக்கிறார். பக்கத்து மேசைக்காரர்கள் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்களாம். முடிந்ததும் அதிகாரி, "இதே மாதிரி பிள்ளைங்களுக்குச் சொல்லுவீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். தட்டம்மையைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை என்று திரும்பி வருகிற வழியெல்லாம் அம்மாவுக்குக் குறை.

கார்த்திகையில் வேலைக்கான கடிதம் வந்தது. அதைப் படித்துக் காட்டியதும் நான்தான். நாகப்ப மாமா எங்களை "வண்டிக்குச் சரிகை வெச்ச பரம்பரை" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்பா பாய் கடைக்குப் போய், ஒரு வார்த்தை பேசாமல், ஆணியைக் காட்டினார். பாயும் ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிள் டியூபை எடுத்து மாட்டிவிட்டார். ஆனால் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வண்டி எத்தனையோ மழையைப் பார்த்தது. நாங்கள் ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் ஒயரை மடக்கிப் பார்ப்போம், மூடிக்குள் கிரீஸ் வைப்போம், தொங்கல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். அழகுக்காக அதன் மேல் எதையும் வைத்ததில்லை.

அம்மா இருபத்து மூன்று வருடம் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றார். எங்கள் ஊரில் இன்று ஆட்டோ ஓட்டுகிறவர், நர்ஸாக இருக்கிறவர், கம்பெனிக்குப் போகிறவர் எல்லோரும் அம்மாவிடம் ஒரு தடவையாவது அழுது, அம்மா இடுப்பில் ஏறினவர்கள்தான்.

இப்போது என் வீட்டில் இருப்பது பேட்டரி ஸ்கூட்டர். வாங்கின அன்று பழக்கத்தில் குனிந்து தேடினேன். பிளக்கும் இல்லை, ஒயரும் இல்லை. பெட்ரோல் வண்டிகளில்கூட இப்போது அதெல்லாம் பிளாஸ்டிக் மூடிக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது, தடவிப் பார்க்கக் கை போகாது. ரோட்டோரத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டுப் பிளக்கை ஊதிக்கொண்டு நிற்கிற மனிதர்களை மழைநாளில் பார்ப்பதே அரிதாகிவிட்டது. "இன்னாபா, பிளக்கா?" என்று கேட்டபடி பக்கத்தில் வந்து குந்துகிறவர்களும் இல்லை. நல்லதுதான். நேரத்துக்குப் போய்ச் சேருகிறோம்.

போன ஐப்பசியில் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்ட அந்த ஸ்கூட்டரில் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனேன். நல்ல மழை. அதே பள்ளத்தில் தண்ணீர் ஓடியது. ஸ்கூட்டர் ஒரு முனகல்கூட இல்லாமல் கடந்து போயிற்று. எனக்கு ஒரே பெருமை. "பாத்தியாம்மா, நிக்கவே இல்ல" என்றேன்.

பின்னாலிருந்து அம்மா சொன்னார்: "இன்னா வண்டிடா இது? நின்னாத் தான நாலு பேரு வந்து கேப்பாங்க, நானும் இன்டர்வியூக்குப் போன கதையச் சொல்ல முடியும்."